ஹெலன், பாரிஸ், மெனலாஸ்: வண்ணத்துப்பூச்சிகளை விரித்து ஃபிரேம் போடுவது எப்படி

எனக்கு முதன்முதலில் வந்த மார்ஃபோ என்ற நீல வண்ணத்துப்பூச்சிக்கு வயிறு இல்லை. உறையைப் பிரித்தால் தலை இருக்கிறது, மார்பு இருக்கிறது, மடித்த இறக்கைகள் இருக்கின்றன. மார்புக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அனுப்பியவருக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் பொறுமையாகப் பதில் போட்டார். உறையின் மூலையில் குட்டிப் பொட்டலம் ஒன்று இருக்கும், வயிறு அதற்குள்தான் இருக்கிறது, வேண்டுமென்றேதான் கழற்றி வைத்தோம் என்று. பார்த்தேன். இருந்தது.

ஆண் மார்ஃபோவின் வயிற்றில் கொழுப்பு அதிகம். பூச்சி காய்ந்த பிறகும் அந்தக் கொழுப்பு சும்மா கிடக்காது. மெல்ல ஊறி மார்புக்கு வரும், அங்கிருந்து இறக்கையில் இறங்கும், பளபளக்கும் நீலத்தை எண்ணெய்க் கறை படிந்த துணி மாதிரி ஆக்கிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வயிற்றை முதலிலேயே பிரித்து, தனியாகக் கொழுப்பெடுத்து, கடைசியில் ஒட்டுகிறார்கள்.

கைக்கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில். முள் ஓடவில்லை என்றால் முள்ளை யாரும் பழுது பார்ப்பதில்லை, உள்ளே பார்ப்போம். வண்ணத்துப்பூச்சியும் அப்படித்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. எல்லாரும் இறக்கையைத்தான் பார்க்கிறார்கள், இறக்கையைத்தான் பயந்து பயந்து தொடுகிறார்கள். ஆனால் இறக்கை முறிவது மார்புத் தசை விறைத்திருப்பதால். கறை ஏறுவது வயிற்றுக் கொழுப்பால். இரண்டு மாதம் கழித்து இறக்கை தொங்குவது மார்பு உள்ளே காயாததால். வண்டு வருவதும் உடம்பைத் தின்னத்தான். ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் உடம்போடுதான். இறக்கை, அதற்குப் பிறகு சொன்னபடி கேட்கும்.

எடுத்துக்காட்டுக்கு நான் செய்த ஒரு ஃபிரேமையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758-இல் பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்தபோது கிரேக்கர்களின் டிராய் போர்க் கதையில் வரும் ஆட்களை அள்ளிப் போட்டார். அழகி ஹெலன், அவளைக் கூட்டிக்கொண்டு போன பாரிஸ், அவளைப் பறிகொடுத்த கணவன் மெனலாஸ், பாரிஸின் அப்பா பிரியாம், அண்ணன் ஹெக்டர் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் மூவரையும் ஒரே கண்ணாடிக்குள் வைத்துவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை. ட்ராய்டஸ் ஹெலெனா ஆசியாவின் பறவையிறக்கை என்னும் பெரிய வண்ணத்துப்பூச்சி வகையில் ஓர் இனம். கருத்த முன்னிறக்கை, பொன்மஞ்சள் பின்னிறக்கை. பாப்பிலியோ பாரிஸும் ஆசியாவைச் சேர்ந்தது. கறுப்பின் மேல் பச்சைத் தூள் தூவினாற்போல் இருக்கும், பின்னிறக்கையில் ஒரு நீலத் திட்டு, ஒரு வால். மார்ஃபோ மெனலாஸ் தென் அமெரிக்கக் காட்டுக்காரர். பாவம், மனைவிக்கும் அவருக்கும் நடுவே ஒரு பெருங்கடல்.

வாங்கும்போது

காய்ந்த வண்ணத்துப்பூச்சி, இறக்கைகளை முதுகுக்கு மேல் மடித்த நிலையில், கிளாசின் என்னும் வழுவழுப்பான மெல்லிய தாளில் மடித்த முக்கோண உறைக்குள் வரும். தரத்தை ஏ1, ஏ1 கழித்தல், ஏ2 என்று குறிப்பார்கள். ஏ1 என்றால் பழுதில்லாதது. ஏ2 என்றால் கிழிசலோ, நிறத் தேய்வோ, உடைந்த உணர்கொம்போ இருக்கும். கற்றுக்கொள்ள ஏ2 போதும். முதல் ஐந்தாறு பூச்சிகளில் நீங்களே புதிதாக நாலு கிழிசல் போடத்தான் போகிறீர்கள்.

ஓட்டை இருப்பதும் அவமானமில்லை. உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான அலெக்சாண்ட்ரா ராணி பறவையிறக்கையை 1906-இல் நியூ கினியில் முதலில் பிடித்தவர் ஆல்பர்ட் மீக். பிடித்தார் என்று சொல்வது மரியாதைக்கு. சின்ன ரவைத் துப்பாக்கியால் சுட்டு இறக்கினார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பெண் பூச்சியின் இறக்கையில் ரவைத் துளைகள் இன்றும் உண்டு.

அந்த இனத்தை நீங்கள் வாங்க முடியாது, யாராவது விற்றாலும் வாங்கக் கூடாது. அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது இருக்கிறது, வணிகத்துக்குத் தடை. மற்றப் பறவையிறக்கை இனங்கள் இரண்டாம் பட்டியலில். அனுமதிச் சீட்டோடு மட்டும் எல்லை தாண்டலாம். என் ஹெலன் அப்படித்தான் வந்தாள், சீட்டோடு. மெனலாஸும் பாரிஸும் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், அவரவர் நாட்டு வனவிலங்குச் சட்டம் தனி. சில நாடுகளில் வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகும் இனங்கள் உண்டு. ஆர்டர் போடும் முன்பே பார்த்துவிடுங்கள், பிறகு பார்த்தால் பயனில்லை.

வளர்த்து எடுத்ததா என்று கேளுங்கள். பாப்புவா நியூ கினியின் புலோலோவில் 1978-இல் பூச்சி வளர்ப்புக்கும் விற்பனைக்கும் ஓர் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. கிராமத்தார், பறவையிறக்கைப் புழுக்கள் தின்னும் ஈஸ்வரமூலி இனத்துக் கொடியை நட்டு, அதில் வரும் கூட்டுப்புழுக்களில் ஒரு பங்கை எடுத்து, வெளிவரும் வண்ணத்துப்பூச்சியை விற்கிறார்கள். கொடி இருந்தால்தான் வருமானம் என்பதால் கொடி வெட்டப்படுவதில்லை. நமக்கும் ஒரு லாபம்: காட்டில் பறந்து அலைந்து தேயாத இறக்கை.

உறையின் மேல் பெயர், பிடித்த அல்லது வளர்த்த இடம், தேதி இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத பூச்சி அலங்காரப் பொருள் மட்டுமே. இருந்தால் ஆய்வாளருக்கும் பயன்படும் மாதிரி. எழுதி ஒட்ட ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சீட்டைத்தான் பாதிப் பேர் குப்பையில் போடுகிறார்கள். உறையையும் வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். உடைந்த உணர்கொம்பு அதன் மடிப்பில்தான் கிடக்கும்.

கருவிகள்

அதிகம் வேண்டாம். கடிகார வேலைக்கான கூர்நுனி இடுக்கியை நான் முதலில் எடுத்தேன், இறக்கையில் பொத்தல் விழுந்தது. தபால் தலை சேகரிப்போர் வைத்திருக்கும் தட்டை நுனி இடுக்கிதான் சரி. பூச்சிக்கென்றே செய்த ஊசிகள் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு, சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். தடிமனில் பாரிஸுக்கு 2-ஆம் எண், மற்ற இருவருக்கும் 3-ஆம் எண். தையல் குண்டூசி வேண்டாம். செம்பு கலந்த ஊசியென்றால் பூச்சியின் கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு வளர்ந்து வளர்ந்து மார்பையே பிளந்துவிடும். பழைய சேகரிப்புகளில் இந்தப் பச்சைக் கொண்டையை நிறையப் பார்க்கலாம்.

குண்டூசி வேறு எதற்கு உதவும் என்றால், விரிப்புப் பலகையில் தாள் பட்டைகளைக் குத்தி நிறுத்த. அதற்கு எந்த ஊசியும் போதும், ஏனென்றால் அவை பூச்சிமேல் படவே கூடாது.

விரிப்புப் பலகை என்பது இரண்டு மென்மையான பலகைகள், நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் ஊசி இறங்கும் ஃபோம். பால்சா மரம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் அடர்த்தியான ஃபோமே போதும். பள்ளத்தின் அகலம் உடம்பின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஹெலனுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தேவைப்பட்டது, பாரிஸுக்கு அதில் பாதி. பள்ளத்துக்குக் குறுக்கே, செங்கோணமாக, அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பென்சிலால் போட்டுவிடுங்கள். கண்ணால் அளப்பதை நம்பாதீர்கள். தொழிலில் முப்பது வருடம் கண்ணை நம்பியவன் சொல்கிறேன்.

பதமாக்குதல்

காய்ந்த மார்ஃபோவின் இறக்கையை அப்படியே பிரிக்கப் பார்த்தால் அடியில் டக்கென்று முறியும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இறக்கை உடைந்ததாக நினைப்போம். உண்மையில் அதைப் பிடித்திருக்கும் மார்புத் தசைதான் விடவில்லை. தசைக்குள் ஈரம் போகும்வரை காத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை.

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். அடியில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளை நாலைந்து மடிப்பாகப் போடுங்கள். அதன் மேல் ஒரு சின்ன வலைத்தட்டு. பூச்சி தண்ணீரைத் தொடக் கூடாது. பூஞ்சை வராமலிருக்கத் தைமால் படிகம் சில. ஓம வாசனை அடிக்கும், அதுதான் அடையாளம். பிறகு ஒரு விஷயம், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை: மூடியின் உட்புறத்தில் வியர்க்கும் நீர், சொட்டாக இறக்கையில் விழுந்து வட்டக் கறை போடும். மூடிக்கு அடியில் காய்ந்த டிஷ்யூ ஒன்றை ஒட்டிவிட்டால் சொட்டு விழாது.

பாரிஸுக்கு இரண்டு நாள். மெனலாஸுக்கு இரண்டரை, மூன்று. ஹெலனின் மார்பு தடித்தது, நாலு நாள்கூட ஆகலாம். நாளை எண்ணுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். மார்பைக் கீழ்ப்பக்கமாகத் தட்டை இடுக்கியால் பிடித்து மிக மெல்ல அழுத்துங்கள். பதம் வந்திருந்தால் இறக்கைகள் தாமாகச் சற்றுப் பிரியும். பிரிய மறுத்தால் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

ஆனால் ஒரேயடியாக மறந்துவிடவும் கூடாது. ஒருமுறை கல்யாணத்துக்குப் போய்விட்டு எட்டாம் நாள் திரும்பினேன். டப்பாவுக்குள் வெள்ளை முடி முளைத்திருந்தது, வழக்கம்போல உடம்பில். காயவைத்து, ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, ஒருவாறு காப்பாற்றினேன். வயிற்றின் நிறம் போனது போனதுதான்.

அவசரமென்றால் இன்னொரு வழி உண்டு. ஊசிமருந்துக் குழலில் கொதிநீர் எடுத்து, மார்பின் அடிப்பக்கமாகச் சில துளிகள் உள்ளே செலுத்தினால் அரை மணி நேரத்துக்குள் தசை விட்டுக்கொடுக்கும். ஹெலன் மாதிரி தடித்த உடம்புக்கு இது நன்றாக வேலை செய்கிறது. ஈரப்பெட்டியில் இரண்டு நாள் வைத்தும் அசையாத மார்புக்கு மட்டும் நான் இதைச் செய்கிறேன்.

ஊசி ஏற்றுதல், விரித்தல்

விசிறியை அணையுங்கள். சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு பின்னிறக்கை அலமாரிக்கு அடியில் போகும்வரை.

மார்பின் நடுவில், இரண்டு முன்னிறக்கைகளுக்கும் இடையில், ஊசி நேர்செங்குத்தாக இறங்க வேண்டும். முன்னே பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் சாயக் கூடாது. ஊசியின் மேல்பக்கம் ஒரு சென்டிமீட்டர் போல வெளியே நிற்கட்டும், தூக்குவதற்கு. இதில் கோணல் விழுந்தால் பின்னால் எத்தனை சாமர்த்தியம் காட்டினாலும் ஓர் இறக்கை மேலும் ஒன்று கீழுமாகத்தான் நிற்கும். கோணலென்று பட்டால் உடனே எடுத்து மறுபடி ஏற்றுங்கள்.

அப்புறம் பள்ளத்தில் இறக்குங்கள். இறக்கை உடம்போடு சேரும் இடம் பலகையின் மேற்பரப்புக்குச் சரிமட்டமாக வரும்வரை. இறக்கைகளைப் பலகையில் படியவைத்து, ஒரு சென்டிமீட்டர் அகல டிரேசிங் தாள் பட்டையை ஒவ்வொரு பக்கமும் உடம்புக்கு அருகில் போட்டு, முன்முனையை மட்டும் குத்துங்கள்.

இப்போது மூச்சைப் பிடிக்கும் கட்டம். முன்னிறக்கையின் முன்விளிம்பை ஒட்டித் தடித்த நரம்புகள் ஓடும். உடம்புக்குப் பக்கத்தில், அந்த நரம்புக்குப் பின்னால் மெல்லிய ஊசிமுனையை அணைத்து, இறக்கையை முன்னோக்கித் தள்ளுங்கள். இறக்கையில் குத்துவதில்லை, நரம்பைத் தாங்கித் தள்ளுகிறோம். முன்னிறக்கையின் பின்விளிம்பு உடம்புக்குச் செங்கோணமாக வந்ததும் நிறுத்துங்கள். பென்சில் கோடு இதற்குத்தான். பட்டையை இழுத்து இறக்கைக்கு வெளியே ஓர் ஊசி குத்துங்கள். எதிர்ப்பக்க முன்னிறக்கையையும் அதே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போவோரும் உண்டு. நான் இரண்டு முன்னிறக்கைகளையும் முடித்த பிறகே பின்னிறக்கைகளுக்குப் போகிறேன். சமச்சீர் கெட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பின்னிறக்கை முன்னிறக்கைக்கு அடியில் சற்றே நுழைந்திருக்க வேண்டும். எவ்வளவு என்பது இனத்தைப் பொறுத்தது. பாரிஸை அதிகம் மேலே ஏற்றினால் பின்னிறக்கையின் நீலத் திட்டில் ஒரு பங்கு மறைந்துவிடும். பார்த்துச் செய்யுங்கள். வாலை இழுக்க வேண்டாம், அது தானே வந்து நிற்கும்.

எல்லாம் நிலைத்ததும் இறக்கையின் மீதிப் பரப்பையும் அகலமான தாளால் மூடிச் சுற்றிலும் ஊசி. மூடாமல் விட்ட ஓரம் காயும்போது சுருளும். உணர்கொம்புகளை இரண்டு ஊசிகளுக்கு நடுவே பிடித்து ஆங்கில 'வி' எழுத்து மாதிரி நிறுத்துங்கள். முதலில் காய்ந்து முதலில் உடைவது அவைதான். கை நடுங்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். வயிறு கீழே தொங்கினால் அடியில் இரண்டு ஊசிகளைப் பெருக்கல் குறிபோல் குத்தித் தாங்கவையுங்கள், அல்லது கொஞ்சம் பஞ்சு.

பெட்டியிலிருந்து ஒவ்வொரு பூச்சியாக மட்டும் எடுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பினால், முதலாவதை முடிப்பதற்குள் மூன்றாவது விறைத்துவிடும்.

காய்வதற்கு பாரிஸுக்கு இரண்டு வாரம், மற்றவர்களுக்கு மூன்று. எறும்பு வரும் வீடென்றால் பலகைக்குக் கால் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். காய்ந்ததா என்று இறக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இறக்கை ஒரே நாளில் காய்ந்துவிடும். வயிற்றின் நுனியை ஊசியால் லேசாகத் தொடுங்கள். அது தனியாக அசைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முதல் ஹெலனை எட்டாம் நாளே எடுத்துவிட்டேன். ஃபிரேமில் கம்பீரமாக நின்றாள், ஒரு மாதத்தில் இரண்டு தோளும் தொங்கிவிட்டன. திரும்ப ஈரப்பெட்டி, திரும்பப் பலகை. நல்லவேளையாக எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படித் திரும்பத் தொடங்கலாம், ஒவ்வொரு முறையும் இறக்கையைத் தூளாகப் போர்த்தியிருக்கும் செதில் கொஞ்சம் உதிரும் என்பதைத் தவிர.

எண்ணெய் ஏறினால்

மெனலாஸுக்கு எப்படியும் ஏறும். மார்பை ஒட்டி நீலம் கருத்துத் தெரிந்தால் அதுதான். மருந்து அசிட்டோன். கண்ணாடி ஜாடி மட்டும்; பல பிளாஸ்டிக்குகளையும் தெர்மாகோலையும் அது கரைத்துவிடும். ஜன்னலைத் திறந்து, அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆவியே தீப்பிடிக்கும். விரித்துக் காய்ந்த பூச்சியை ஊசியோடு முழுவதுமாக உள்ளே இறக்கி, மூடி, ஒரு நாள் விடுங்கள். அசிட்டோனில் இறக்கை தளராது. திரவம் மஞ்சளாகியிருந்தால் புதிதாக ஊற்றி இன்னொரு நாள். கழற்றிய வயிறு தனி ஜாடியில்.

உள்ளே இறங்கிய கணமே நீலம் பச்சையாக மாறும். முதன்முறை பார்த்தபோது என் வயிறு கலங்கியது. பயப்பட ஒன்றுமில்லை. மார்ஃபோவின் இறக்கையில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு செதிலின் மேலும் வரப்பு வரப்பாக மேடுகள், ஒவ்வொரு மேட்டிலும் அடுக்கடுக்காகத் தகடுகள், தகடுகளுக்கு இடையே காற்று. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீலம் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு வெளியே வருகிறது. காற்று இருந்த இடத்தில் திரவம் புகுந்ததும் கணக்கு மாறி, பச்சை வருகிறது. எடுத்து டிஷ்யூவில் வடியவிட்டு, மெல்ல ஊதினால், கண்ணெதிரே நீலம் திரும்பும். இந்த ஒரு நிமிடத்துக்காகவே யாராவது வீட்டுக்கு வந்தால் எண்ணெய் ஏறிய மார்ஃபோ இருக்கிறதா என்று தேடுவேன்.

ஒட்டுவேலையெல்லாம் இதற்குப் பிறகுதான், ஏனென்றால் அசிட்டோன் பல பசைகளைப் பிரித்துவிடும். வெள்ளைப் பசையைக் கொஞ்சம் நீர்க்கவைத்து, ஊசிமுனையில் எடுக்கும் அளவு போதும். வயிற்றை ஒட்டுங்கள், உறையின் மடிப்பில் கண்டெடுத்த உணர்கொம்பை ஒட்டுங்கள். கிழிந்த இறக்கைக்கு அடிப்பக்கமாகக் கிளாசின் தாளின் நூலளவுத் துண்டு ஒன்று. மேல்பக்கம் பசை பட்டால் அங்கே பளபளப்பு செத்துவிடும்.

ஃபிரேம்

ஆழம் குறைந்தது 4 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கண்ணாடி இறக்கையைத் தொடவே கூடாது. தொட்ட இடத்தில் செதில்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பின்பலகைக்கு மேல் பாலிஎத்திலீன் ஃபோம், அதன் மேல் அமிலமில்லாத அட்டை, அதில் ஊசி. ஊசியின் தலையை நறுக்கிவிட்டு உடம்பைப் பசையால் அட்டையில் ஒட்டுவோர் இருக்கிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது. திரும்பக் கழற்ற முடியாதபடி எதையும் மூடக் கூடாது என்பது கடிகாரம் கற்றுக்கொடுத்த பழக்கம்.

மூடுவதற்கு முன் உறையச் செய்யுங்கள். பூச்சிகளைச் சின்ன அட்டைப் பெட்டியில் குத்தி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அறைச் சூட்டுக்கு வரட்டும். குளிர்ந்த பூச்சியின்மேல் காற்றின் ஈரம் படிந்தால் பதமாக்கும் பெட்டியில் வைத்தது மாதிரிதான் ஆகும், இறக்கை தொங்கும்.

இந்த வேலை ஆந்த்ரீனஸ் வண்டுக்காக. வளர்ந்த வண்டு சில மில்லிமீட்டர்தான், பூவில் மகரந்தம் தின்று சாதுவாகத் திரியும். அதன் முடியடர்ந்த புழுதான் காய்ந்த பூச்சி உடம்பைத் தின்பது. என் பழைய ஃபிரேம் ஒன்றில் உடம்புக்கு நேர்கீழே காபிப்பொடி மாதிரி கொஞ்சம் தூள் கிடந்தது. தூசி என்று விட்டுவிட்டேன். இறக்கைகள் நாலும் பத்திரமாக இருந்தன; அவற்றைப் பிடித்திருந்த மார்பு உள்ளே வெறும் ஓடாகிவிட்டிருந்தது. ஒருநாள் கதவு அறைந்து சாத்தியதில் எல்லாம் உதிர்ந்தன. இப்போது மரச்சட்டத்தின் மூலை இணைப்பு, கண்ணாடி ஓரம், பின்பலகை எல்லாவற்றையும் அலுமினியத் தாள் டேப்பால் ஒட்டிவிடுகிறேன்.

உள்ளே அந்துருண்டை போடலாமா என்று கேட்பார்கள். நான் போடுவதில்லை. மூச்சுக்கு நல்லதல்ல. அதோடு, சில உருண்டைகளில் இருக்கும் பாரா டைகுளோரோபென்சீன் தெர்மாகோலை இளக்கிவிடும். ஊசி சாய்ந்து பூச்சி தலைகுப்புறக் கிடக்கும்.

மாட்டும் இடத்துக்கு வெயில் வரக் கூடாது. புறஊதாவை வடிக்கும் கண்ணாடி போட்டாலும் இதே விதிதான். மெனலாஸின் நீலம் அமைப்பால் வருவது, அதனால் லேசில் வெளுக்காது. ஹெலனின் பொன்மஞ்சள் நிறமி, வெளிச்சத்தில் கரையும். பாரிஸின் கறுப்பும் நாளாக ஆகப் பழுப்பேறும், நீலத் திட்டு மட்டும் நிற்கும். வெயில் அடிக்கும் சுவரில் மாட்டினால் கடைசியில் பளிச்சென்று மிஞ்சப் போவது கைவிடப்பட்ட கணவன் ஒருவன்தான். சமையலறையும் குளியலறைச் சுவரும் ஈரத்துக்காக விலக்கு.

ஃபிரேமின் பின்பக்கம் ஓர் உறையை ஒட்டி, மூன்று பெயர்ச்சீட்டுகளையும், ஹெலனின் அனுமதிச் சீட்டின் நகலையும், எந்தத் தேதியில் உறையச் செய்தேன், எந்தப் பசை போட்டேன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரிலிருந்து இறக்கி, மேசையில் நிமிர்த்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மூன்று உடம்புகளுக்கும் கீழே பார்க்கிறேன். தூள் இல்லையென்றால் தேதியைக் குறித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுகிறேன்.